திறமூலத் திட்டத்தில் வாக்குரிமை யாருக்கு: வாக்காளர் பட்டியலை வகுக்கும் முறை

திறமூல மென்பொருள் திட்டங்களில் வாக்கெடுப்பு என்ற பேச்சு பெரும்பாலும் கருத்து வேறுபாடு முற்றிய பிறகே எழுகிறது. உரிமத்தை மாற்றுவதா, நீண்டகாலப் பராமரிப்பாளர் ஒருவரின் அதிகாரத்தைக் குறைப்பதா, நிறுவனம் ஒன்று தரும் பணத்தை ஏற்பதா என்ற கேள்வியில் இரண்டு அணிகள் உருவாகிவிட்ட நிலையில் "யாருக்கெல்லாம் வாக்கு உண்டு?" என்று கேட்டால், ஒவ்வோர் அணிக்கும் தனக்குச் சாதகமான பட்டியல்தான் நியாயமானதாகத் தோன்றும். முடிவு எப்படி அமையும் என்று ஊகிக்க முடிகிற இடத்தில் விதியை மட்டும் தனியே எடைபோடுவது நேர்மையானவர்களுக்கும் கடினம். ஆகவே இந்த வழிகாட்டியில் மற்ற எதைவிடவும் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: வாக்கெடுப்புக்குரிய பிரச்சினை எதுவும் கண்ணில் படாத காலத்திலேயே வாக்காளர் பட்டியலுக்கான விதியை எழுதி, அதைத் திட்டத்தின் களஞ்சியத்தில் (நிரல் கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தில்) ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. 2018 ஜூலையில், பெப் 572 என்ற மாற்ற முன்மொழிவு (பைத்தானில் இத்தகைய முன்மொழிவு ஆவணங்களுக்குப் பெப் என்று பெயர்) குறித்த கடுமையான விவாதத்துக்குப் பின், அம்மொழியை உருவாக்கிய கிடோ வான் ராசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார்; தமக்குப் பின் யார் என்பதை அவர் சொல்லவில்லை, எப்படி ஆள வேண்டும் என்ற ஏற்பாட்டையும் விட்டுச் செல்லவில்லை. மொழியின் மூல நிரலைப் பராமரிக்கும் கோர் டெவலப்பர்கள் ஏழு ஆட்சிமுறை முன்மொழிவுகளை எழுதி, வாக்கெடுப்பு நடத்தி, அந்த ஆண்டு டிசம்பரில் பெப் 8016 என்ற முன்மொழிவைத் தேர்ந்தார்கள். ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு அதன்படி அமைந்தது. தலைமையும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் இருந்த அந்த இடைக்காலத்தைத் திட்டம் பிளவுபடாமல் கடந்ததற்கு, என் கணிப்பில், ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. கோர் டெவலப்பர் யார், யார் இல்லை என்பதற்கு அதற்கு முன்பே ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலும் இல்லாதிருந்தால் ஏழு முன்மொழிவுகளுக்கு முன்னால் எட்டாவதாக ஒரு சண்டை நடந்திருக்கும்.

முதலில் எதற்கு வாக்கு என்பதைப் பிரியுங்கள்

எல்லா முடிவுக்கும் ஒரே வாக்காளர் பட்டியல் போதும் என்று நினைப்பதுதான் தொடக்கத்தில் நேரும் பிழை. ஒரு நிரல் மாற்றத்தை ஏற்பதா என்பதை அந்தப் பகுதியின் நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டும். திட்டத்தின் பெயரில் வரும் நன்கொடையை எப்படிச் செலவிடுவது, நடத்தை விதியை யார் அமல்படுத்துவது, தலைமைக் குழுவில் யார் அமர்வது என்பவை அத்திட்டத்துக்காக உழைக்கும் எல்லோரையும் தொடுகின்றன. பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை இந்தப் பிரிவை நன்கு கையாள்கிறது. ஒரு வெளியீட்டுக்கான வாக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் பிளஸ் ஒன்றோ (ஆதரவு) மைனஸ் ஒன்றோ (எதிர்ப்பு) இடலாம். ஆனால் கட்டுப்படுத்தும் வாக்கு, அதாவது எண்ணிக்கையில் சேரும் வாக்கு, திட்ட மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு, அவர்களில் குறைந்தது மூவர் ஆதரித்து, ஆதரவு எதிர்ப்பைவிட மிகுந்திருந்தால்தான் வெளியீடு நிறைவேறும். நிரல் மாற்றத்தில் உரிமையுள்ளவர் இடும் ஒரே ஒரு மைனஸ் ஒன்று தடையாணையாகும் என்றாலும், தொழில்நுட்பக் காரணம் சொல்லப்படாத தடை செல்லாது. மற்றவர்களின் வாக்குகள் எண்ணிக்கையில் சேராவிட்டாலும் பதிவில் நிற்கின்றன. உரிமையுள்ளவர்கள் அவற்றைப் படித்துவிட்டே வாக்களிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் கருத்துச் சொல்லும் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, முடிவின் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கிறது.

உங்கள் திட்டத்தில் மூன்று நான்கு பராமரிப்பாளர்கள் மட்டுமே இருந்தால் அன்றாட முடிவுகளுக்கு வாக்கெடுப்பே தேவைப்படாது. முன்மொழிவை வைத்து எழுபத்திரண்டு மணிநேரம் காத்திருந்து, எதிர்ப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று கொள்ளும் வழக்கம் போதும். வாக்காளர் பட்டியல் தலைமைத் தேர்வுக்கும் விதிமாற்றத்துக்கும் மட்டும் பயன்படட்டும்.

பயனருக்கு வாக்கு உண்டா

அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் வீட்டு உரிமையாளருக்கு வாக்கு உண்டு, இருபது ஆண்டாகக் குடியிருக்கும் வாடகைதாரருக்கு இல்லை என்ற நிலை பலருக்குப் பழகியது; தண்ணீர் வராவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது அந்த வாடகைதாரர்தான். திறமூலத் திட்டத்தின் பயனரும் அவ்வகைப்பட்டவரே. இருந்தும் பயனர் அனைவருக்கும் வாக்குரிமை தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயனர் யார் என்பதை எண்ணவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. சமூக ஊடகத்தில் ஒரு மாலையில் திரட்டப்படும் கூட்டம், அடுத்த பத்தாண்டு அந்த நிரலைச் சுமக்கப்போகிறவர்களைத் தோற்கடித்துவிடும். தோற்றவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், வென்ற கூட்டத்துக்குப் பராமரிப்பார் இல்லாத மென்பொருளே மிஞ்சும்.

பயனரின் குரலுக்கு இடைவழி ஒன்று உண்டு. 2011-இல் வலைத்தளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பி ஏற்றுக்கொண்ட வாக்கெடுப்பு விதி, நிரல் பங்களித்தவர்களுடன், பிஎச்பியின் மேல் கட்டப்பட்ட பெரிய திட்டங்களின் முன்னணி நிரலாளர்களையும் பிரதிநிதிகளாகச் சேர்க்க இடமளித்தது. உங்கள் மென்பொருள் பிற நிரல்கள் பயன்படுத்தும் ஒரு நிரலகமாக (லைப்ரரி) இருந்து, அதை நம்பி வேறு திட்டங்கள் இயங்குமானால், அத்திட்டங்களிலிருந்து பெயர் குறித்த சில பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை தரலாம். அவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

உழைப்பை எப்படி அளப்பது

உழைப்பவருக்கு வாக்கு என்று சொல்லிவிடலாம். உழைப்பு என்று எதை எண்ணுகிறோம் என்பதில்தான் பட்டியலின் நியாயமும் அநியாயமும் தங்கியிருக்கின்றன. கமிட் (களஞ்சியத்தில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) எண்ணிக்கை எளிதானது, கருவி தானாகவே எண்ணித் தந்துவிடும். ஆனால் ஒருவர் ஒரே வேலையை இருபது சிறு கமிட்டுகளாகப் பிரித்து அனுப்புவார், இன்னொருவரின் மூன்று வார உழைப்பு இணைக்கப்படும்போது ஒற்றைக் கமிட்டாகச் சுருக்கப்பட்டுவிடும். வழு (நிரல் பிழை) அறிக்கையைப் பொறுமையாக மீளுருவாக்கிக் காட்டுபவர், புதியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்பவர், ஆவணம் எழுதுபவர், சந்திப்பு நடத்துபவர் எவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் எப்படி விடுபடுகிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு செயலியின் தமிழ் இடைமுகத்துக்காக ஒருவர் மொழிபெயர்க்க வேண்டிய சொற்றொடர்கள் அடங்கிய பிஓ கோப்பை இறக்கி, சில நூறு சொற்றொடர்களைத் தமிழாக்கி, ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புகிறார். ஒருங்கிணைப்பாளர் அதைச் சரிபார்த்துத் தம் கணக்கிலிருந்து களஞ்சியத்தில் ஏற்றுகிறார். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் ஒவ்வொரு கமிட்டிலும் ஆக்கியவர், ஏற்றியவர் என்று இரண்டு தனிப் புலங்களை வைத்திருக்கிறது. ஏற்றும்போது ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட மறந்தால் இரண்டு புலத்திலும் ஒருங்கிணைப்பாளரின் பெயரே பதிவாகும். பிஓ கோப்பின் தலைப்பகுதியில் கடைசியாக மொழிபெயர்த்தவருக்கு ஓரிடம் உண்டு என்றாலும், அடுத்தவர் ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தாலே அந்தப் பெயர் மாறிவிடும். இப்படித் தமிழிலும் வேறு பல மொழிகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் கமிட் கணக்கில் பூச்சியமாக நிற்க நேர்கிறது. எனவே கருவியைக் கொண்டு எண்ணப்போகிறீர்கள் என்றால், ஆக்கியவர் புலத்தை நிரப்புவதை இன்றே கட்டாயமாக்குங்கள். நேற்றைய பதிவை நாளை திருத்த முடியாது.

லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுத் தேர்தலில் பின்பற்றப்படும் அளவுகோல் இவ்வகையில் கற்கத்தக்கது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் ஒட்டுவரிகள் இருக்கும்: ஒப்பமிட்டவர், சோதித்தவர், வழுவைத் தெரிவித்தவர், மறுபரிசீலித்தவர், இசைவு தந்தவர். குறித்த காலத்துக்குள் மூன்று கமிட்டுகளில் இவற்றுள் ஏதேனும் ஒரு வரியில் பெயர் இருந்தால் வாக்குரிமைக்குத் தகுதி வந்துவிடுகிறது. வழுவைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அதைத் திருத்தியவரும் ஒரே நிறையில் எண்ணப்படுகிறார்கள். இதற்கெனப் புதிய பதிவேடு எதுவும் உருவாக்கப்படவில்லை. வேலையின் போக்கில் தானாக விழும் தடயமே சான்றாகிறது. உங்கள் திட்டத்தில் இத்தகைய ஒட்டுவரிப் பழக்கம் இல்லையென்றால், வாக்குரிமைக்காக இல்லாவிட்டாலும் நன்றி சொல்லும் பொருட்டாவது தொடங்குங்கள்.

பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸின் திட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. கடந்த ஓராண்டில் 50 பங்களிப்புகள் பதிவாகியிருக்கும் உறுப்பினர், ஏழு பேர் கொண்ட வழிநடத்தும் குழுவின் தேர்தலில் வாக்களிக்கலாம். கருவியின் கண்ணுக்குத் தெரியாத வேலை செய்தவர்கள் விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் எழுதலாம். தேர்தல் அலுவலர்கள் அதைப் பார்த்து அனுமதிக்கிறார்கள். எண் ஒன்றை வாசலாக வைத்து, பக்கத்திலேயே மனிதர் திறக்கும் ஒரு கதவையும் வைப்பது என்ற இந்த அமைப்பே நடுத்தர அளவுள்ள திட்டங்களுக்கு மிகப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். எண் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வெளியே நிற்பார். மனிதத் தீர்ப்பு மட்டும் இருந்தால் தெரிந்தவர்கள் மட்டுமே உள்ளே வருவார்கள்.

நிரலை ஏற்றும் உரிமையும் வாக்கும் வேறு

களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்றவர்களின் பட்டியலையே வாக்காளர் பட்டியலாகக் கொள்வது பல திட்டங்களின் வழக்கம், ஏனெனில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் கேடு உண்டு. வாக்களிக்க வேண்டும் என்பதற்காக நிரலில் கை வைக்கத் தேவையில்லாத ஒருவருக்கு எழுதும் உரிமை தரப்பட்டால் பாதுகாப்பு குறையும். எழுதும் உரிமை தேவையில்லை என்பதற்காக ஆவணக்குழுவினருக்கு வாக்கு மறுக்கப்பட்டால் நியாயம் குறையும். லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பான டெபியன் 2010 அக்டோபரில் பொதுத் தீர்மானம் ஒன்றின் வழியாக இந்த முடிச்சை அவிழ்த்தது. நிறுவுவதற்கான மென்பொருள் பொதிகளைப் பராமரிக்காமல் வேறு வகையில் உழைப்பவர்களையும் முழு உறுப்பினராக அது வரவேற்றது: அவர்களுக்கு வாக்கு உண்டு, தொகுப்பில் பொதிகளை ஏற்றும் உரிமை மட்டும் இல்லை. இரண்டு உரிமைகளையும் இரண்டு கோப்புகளில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சேர்ப்பது யார், எப்போது காலாவதி

புதியவரைச் சேர்க்கும் அதிகாரம் ஏற்கெனவே உள்ளவர்களிடம் இருப்பது இயல்பு. பைத்தானில் கோர் அணிக்கு ஒருவரை எடுக்க ஒரு வார வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் உறுப்பினர் தகுதி இதற்கு நேர்மாறான மென்மை கொண்டது. மாதத்துக்கு ஐந்து மணிநேரமாவது தன்னார்வ உழைப்புத் தருவதாக ஒருவர் தாமே உறுதிமொழி அளித்தால் வாக்குரிமையுள்ள உறுப்பினராகலாம். மொழியின் வடிவமைப்பைத் தீர்மானிக்கும் அணிக்குக் கடுமையும், சமூகத்தின் சொத்தை நிர்வகிக்கும் அமைப்புக்குத் திறந்த வாசலும் வைத்திருப்பதில் முரண்பாடு இல்லை. எதற்கு வாக்கு என்ற முதல் கேள்வியின் விளைவே அது.

காலாவதி பற்றி மனத்தாங்கல் வராமல் பேசுவது எளிதல்ல. பத்தாண்டு உழைத்து ஓய்ந்தவரின் பெயரை நீக்கினால் நன்றிகெட்ட செயலாகத் தெரியும், நீக்காவிட்டால் இன்றைய நிரலைத் திறந்தும் பார்க்காதவர்களின் வாக்கு இன்றைய முடிவைத் திருப்பும். பைத்தானின் பெப் 13 இதைக் கண்ணியமாகத் தீர்க்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பிடத்தக்க பங்களிப்பு இல்லாதவரிடம், தம்மைச் செயல்படாதோர் வரிசைக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்கலாம். பதில் வராவிட்டால் மாற்றிவிடலாம். அவரது பெயர் செயல்படுவோரின் பெயர்களுடன் சேர்ந்தே தொடர்ந்து வெளியிடப்படும், மீண்டும் பங்களிக்கத் தொடங்கினால் யாருடைய அனுமதியும் இன்றித் தாமே செயல்படுவோர் வரிசைக்குத் திரும்பலாம். லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் திரைச்சூழலை ஆதரிக்கும் க்னோம் அறக்கட்டளையில் உறுப்பினர் தகுதி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கக் கேட்கும் மின்னஞ்சலைக் கருவியே அனுப்பட்டும், ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் "நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்க நேர்ந்தால் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும்.

திடீர்ச் சேர்க்கையும் போலிப் பெயரும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மென்பொருள் என்பதைவிட வரைபடத் தரவுத் திட்டம் என்றாலும், அதன் அறக்கட்டளையில் 2018-இல் நடந்தது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும். அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன், சேர்க்கைக்கான கெடு நெருங்கிய வேளையில், ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஏறத்தாழ நூறு பேர் ஒரே வீச்சில் உறுப்பினராகப் பதிந்தார்கள். உறுப்பினர் பணிக்குழு அதை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டியதாயிற்று. பணம் கட்டினால் வாக்கு என்ற விதி உள்ள இடத்தில் இது நடக்கக்கூடியதே. பின்னர் அந்த அறக்கட்டளை, ஓராண்டில் 42 நாட்களாவது வரைபடத்தில் திருத்தம் செய்தவர்கள் கட்டணமின்றி உறுப்பினராகும் வழியைத் திறந்தது. மொத்தத் திருத்தங்களுக்குப் பதில் நாட்களை எண்ணுவது கவனிக்கத்தக்கது: ஆயிரம் திருத்தங்களை ஒரே இரவில் குவிக்கலாம், 42 நாட்களை அப்படிக் குவிக்க முடியாது.

போலிப் பெயரின் ஆபத்து இதைவிட நுட்பமானது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவை (இரகசியமாக உள்நுழையும் வழியை) நுழைத்தது ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய கணக்கு. அதற்கு முன் வேறு சில கணக்குகள், களைத்திருந்த பராமரிப்பாளரிடம் புதியவருக்குப் பொறுப்பைப் பகிருமாறு நெருக்கியிருந்தன. அங்கே முறையான வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும், யாரென்று தெரியாத பெயர்கள் சில சேர்ந்து பேசினால் அது சமூகத்தின் விருப்பமாகத் தோன்றிவிடும் என்பதை அது காட்டியது. டெபியன் தன் உறுப்பினர்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் குறியாக்கச் சாவிகளில் ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. சிறிய திட்டத்துக்கு அந்த அளவு தேவையில்லை. விண்ணப்பிப்பவருடன் வேலை செய்த இரண்டு வாக்காளர்களின் பரிந்துரையும், தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முந்தைய தேதியில் பட்டியல் உறைந்துவிடும் என்ற விதியும் பெரும்பாலான தந்திரங்களைத் தடுத்துவிடும்.

ஒரே நிறுவனத்தவர் பலராக இருந்தால்

நிறுவனங்களின் செல்வாக்கைக் கட்டுப்படுத்த, ஒரே நிறுவன ஊழியர்களின் வாக்குகளைப் பின்னமாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒருவர் வேலை மாறிய மறுநாள் அவரது வாக்கின் நிறை மாறுவது அவரது உழைப்பை அவமதிப்பதாகும். வரம்பை இருக்கைகளுக்கு வையுங்கள். பைத்தானின் ஐவர் குழுவில் ஒரே நிறுவனத்தவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. பதவிக்காலத்தின் நடுவே வேலை மாற்றத்தால் மூன்றாகிவிட்டால் ஒருவர் விலக வேண்டும். க்னோம் அறக்கட்டளை இயக்குநர் குழுவில் 40 விழுக்காடு என்றும், லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்தும் டாக்குமென்ட் பவுண்டேஷன் 30 விழுக்காடு என்றும் வரம்பிட்டிருக்கின்றன.

எத்தனை பேர் வாக்களித்தால் முடிவு செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணையும் பட்டியலுடன் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனெனில் காலாவதியாகாத பட்டியலில் "பாதிப் பேர்" என்ற வரம்பு ஒருநாள் எட்ட முடியாததாகிவிடும். டெபியன் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியை எடுத்து, பொதுத் தீர்மானங்களுக்கு அதை மூன்றால் பெருக்குகிறது. ஆயிரம் பேர் இருந்தால் வர்க்கமூலம் 31.6, அதில் பாதி 15.8, மும்மடங்கு 47.4, ஆகவே 48 பேர் இயல்புத் தெரிவைவிட ("மேற்கண்ட எதுவும் வேண்டாம்" என்பதைவிட) மேலாக வரிசைப்படுத்தினால் ஒரு தெரிவு களத்தில் நிற்கும். திட்டம் வளர்ந்தாலும் இந்த எண் மெதுவாகவே ஏறும்.

எழுதும்போது

விதியின் வாசகம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நடுத்தரத் திட்டம் ஒன்றுக்கு இப்படி எழுதலாம்: "தேர்தல் அறிவிப்பு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில், குறைந்தது ஆறு வெவ்வேறு நாட்களில், நிரல், ஆவணம், மொழிபெயர்ப்பு, வழு ஆய்வு, மறுபரிசீலனை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் பங்களிப்புப் பதிவான எவரும் வாக்காளர் ஆவார். பதிவில் தெரியாத பணி செய்தவர், வாக்காளர் இருவரின் பரிந்துரையுடன் தேர்தல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு நாளில் வரைவுப் பட்டியல் வெளியிடப்படும். பதினான்கு நாட்கள் திருத்தமும் மேல்முறையீடும் ஏற்கப்படும். அதன் பின் வாக்கெடுப்பு முடியும்வரை பட்டியல் மாறாது." ஆறு, பதினான்கு என்ற எண்களை உங்கள் திட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எழுதியதும் கடந்த ஆண்டின் பதிவேட்டில் அந்த விதியை ஓட்டிப் பார்த்து, வெளிவரும் பெயர்களை நிதானமாகப் படியுங்கள். நிச்சயம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கருதும் ஒருவரின் பெயர் விடுபட்டிருந்தால், அவரை மட்டும் தனியே சேர்க்காமல், அவரைத் தவறவிட்ட அளவுகோலைத் திருத்துங்கள்.

வாக்கின் இரகசியத்தைக் காக்கலாம். டெபியன் 2022-இல் பொதுத் தீர்மானங்களுக்கும் இரகசிய வாக்கை ஏற்றது. வாக்காளர் பட்டியல் மட்டும் வெளிப்படையாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீட்டுக்குப் பொருளில்லை. தேர்தல் அலுவலராக இருப்பவர் அந்தத் தேர்தலில் போட்டியிடக் கூடாது. பட்டியல் விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றும், மாற்றம் அடுத்த தேர்தலிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்றும் எழுதிவிடுங்கள். முதல் பட்டியலை உறுதிசெய்ய எந்த விதியும் இருக்காது என்பதால், இன்றுள்ள பராமரிப்பாளர்கள் அதை வெளியிட்டு, ஒரு மாதம் ஆட்சேபம் கேட்டு, வந்த ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் சொன்ன பிறகு ஏற்க வேண்டும்.